நான் கனடாவில் இல்லை

அன்று ஹோலில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, "நான் அங்கே இல்லவே இல்லை" என்று சொல்லக்கூடாது. அப்படிச் சொல்லக்கூடிய ஆட்கள்தான் நாங்கள்!

ஹோலுக்குப் பக்கத்து வீட்டு இங்கிலீஷ் மனுசி ஜோன். பெற்றோல் ஸ்டேஷனில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சிவராசா அண்ணை. மன்னாரில் இருந்து வந்த பிலோமினா அக்கா. கரம் போர்ட்டுக்கு முன்னால் அவருடைய கணவர் மரியதாஸ் அண்ணை. என்னவர். நான். அவ்வளவுதான். கெட்டிலும் இருந்தது... ஆனால் அது வேலை செய்யவில்லை.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருக்கிற, பொதுமண்டபமான இந்த ஹோலைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். கூரை ஒழுகும். மழை வந்தால் எந்த மூலையில் வாளி வைக்கவேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். சாமத்தியவீடு, செத்தவர்களின் முப்பத்தோராம் நாள், ஜோனின் பின்னல் குழு, யாரோ ஒரு பெண் வந்து நடத்தும் சூம்பா ஆட்டம்... எல்லாம் இங்கேதான். செவ்வாய்க்கிழமைகளில் வயது போனவர்கள் கூடுவார்கள்.

அந்தச் செவ்வாய்தான் பிலோமினா அக்காவின் உயிர். மரியதாஸ் அண்ணைக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. அக்காவுக்கு இரவில் ஆஸ்பத்திரியில் கிளீனிங் ஷிப்ட். பகலில் அண்ணையைப் பார்க்கவேண்டும். செவ்வாய் மத்தியானம் அண்ணை இங்கே இடது கையால் கரம் அடிப்பார். அக்கா ஹோலில் தேநீர் போடும் குசினிக்குள் நாலு கதிரையைச் சேர்த்துப் போட்டு, கோட்டால் மூடிக்கொண்டு படுத்துவிடுவார். மற்ற நாட்களில் அவர் கண்மூடுவதற்கு நித்திரை என்று பெயர் வைக்க முடியாது.

இந்த ஹோலைத்தான் விற்கப்போகிறார்கள் என்று கதை வந்தது. கூரை திருத்தக் காசில்லையாம். வாங்க ஒருவர் ரெடியாம். பிளாட் கட்டுவாராம்.

ஜோன் எங்களைக் கூட்டியது அதற்காகத்தான். "இதை இந்த இடத்து மக்களின் வாக்குக்கு விடலாம்" என்றார்.

வாக்கெடுப்பா? லண்டனிலா? நாலு பேர் கேட்டால் வைத்துவிடுவார்களா?

எல்லாவற்றுக்கும் வைக்கமாட்டார்களாம். ஆனால் உங்கள் சுற்றாடலில் எதைக் கட்டலாம், எதைக் காப்பாற்றவேண்டும் என்பதற்கு ஒரு வழி இருக்கிறதாம். முதலில் அந்த இடத்தில் வாழும் அல்லது வேலை செய்யும் இருபத்தொரு பேராவது சேர்ந்து ஃபோரம் என்று ஒரு குழு அமைக்கவேண்டும். அதை உள்ளூர்க் கவுன்சில் ஏற்கவேண்டும். பிறகு ஒரு திட்டம் எழுதவேண்டும் — ஹோல் ஹோலாகவே இருக்கவேண்டும் என்று அதில் இருக்கும். எல்லோரிடமும் கருத்துக் கேட்கவேண்டும். வெளியாள் ஒருவர் அதைச் சோதிப்பார். அவர் சரி என்றால், இந்தப் பகுதியில் வாக்குரிமை உள்ள எல்லோரும் வாக்குப் போடுவார்கள். பாதிக்கு மேல் 'ஓம்' என்றால், பிளாட்டுக்கு அனுமதி கொடுக்கும் முன்னர் கவுன்சில் அந்தத் திட்டத்தைப் பார்த்தே ஆகவேண்டும்.

"எவ்வளவு காலம் எடுக்கும்?" என்றார் என்னவர்.

"இரண்டு வருடம். கூடவும் ஆகலாம்."

"அதுக்குள்ள ஹோலே விழுந்திடும்" என்றார் என்னவர் தமிழில்.

ஆனால் ஒரு நம்பிக்கை இருந்தது. ஃபோரத்தைக் கவுன்சில் ஏற்றுக்கொண்டால் விற்பனையை நிறுத்திவைக்கிறோம் என்று ஹோல் கமிட்டிக்காரர் சொல்லியிருந்தார்கள். ஏற்காவிட்டால் உடனே கைமாறும். ஆகவே, முதல் வேலை இருபத்தொரு பெயர்.

பெயர், விலாசம், போன் நம்பர்.

கடதாசியை என் பக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளிவைத்தேன்.

"இதை ஆர் ஆர் பார்ப்பினம்?" என்று சிவராசா அண்ணையிடம் கேட்டேன்.

"கவுன்சில் பார்க்கும்."

"பிறகு?"

"பிறகு என்ன பிறகு? பார்த்திட்டு வைக்கும்."

"எங்க வைக்கும்?"

"தங்கச்சி, உமக்குப் பயமெண்டால் கடைசியாப் போடும். இருபது சேர்ந்தபிறகு இருபத்தோராவதா வாரும்."

அப்படித்தான் செய்தேன். கடைசிப் பெயர் என்னுடையது. அவசரமாக எழுதியதில், வீட்டு நம்பர் ஏழு ஒன்றுபோல் வந்துவிட்டது. திருத்தினேன். திருத்தியதைப் பார்த்தால் சந்தேகப்படுவார்களோ என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன்.

இருபத்தொரு பேரில் முக்கால்வாசி எங்கள் ஆட்கள். மிச்சம் ஜோனும் பின்னல் குழுவும். தலைவர் சிவராசா அண்ணை. ஜோன் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார்.

இரண்டு கிழமை, பதினான்கு நாள், ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத கிழமைகள்தான் எனக்கு மிகவும் பயம்.

பிறகு ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டு நிற்கிறேன், போன் அடிக்கிறது. தெரியாத நம்பர். எடுக்காமல் விட்டால் ஆஸ்பத்திரியாக இருக்குமோ என்று பயம். எடுத்தால் குடிவரவு பார்க்கிற ஹோம் ஆபீஸாக இருக்குமோ என்று பயம். அன்று ஆஸ்பத்திரிப் பயம் வென்றது.

"மிஸிஸ் குணரத்தினம்தானே பேசுவது?" ஒரு பெண் குரல். மிகவும் மரியாதையான குரல். மரியாதையாகப் பேசுகிறவர்களிடம் எனக்கு இன்னும் பயம்.

"இல்லை" என்றேன்.

"அவருடன் பேசலாமா?"

"அவர் இல்லை."

"எப்போது வருவார்?"

"கனடாவுக்குப் போய்விட்டார்."

வைத்துவிட்டேன். கண்ணால் தண்ணீர் வந்தது. வெங்காயம்தான் என்று நினைக்கிறேன்.

ஏன் கனடா? தெரியாது. இல்லாத ஆளை எங்கேயாவது அனுப்பவேண்டும் என்றால் எங்கள் வாயில் வருவது கனடாதான்.

யாராவது பெயர் சொல்லிக் கேட்டு வந்தால், முதலில் "ஆள் இல்லை" என்று சொல்லவேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சண்டைக் காலத்தில் ஊரில் அம்மா வாசலில் நின்று அதைச் சொல்லிக்கொண்டிருப்பார். அதற்குள் அப்பா பின்வேலியால் போய்விடுவார். அந்த நேரம்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் இடம்பெயர்ந்த சனம் வந்து தங்கியது. எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எட்டாம் வகுப்பில் படித்தது எல்லாம் மறந்துவிட்டது. வாசலில் படித்தது மறக்கவில்லை.

சரி, நான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜோன் வந்து கதவைத் தட்டினார். முகம் சரியில்லை. கையில் போன். கவுன்சிலில் இருந்து ஈமெயில் வந்திருக்கிறது. யாரோ ஒருவர், 'இந்த ஃபோரத்தில் இருக்கிற பெயர்களில் பாதி பொய்ப்பெயர்' என்று எழுதிப் போட்டாராம். ஆகவே கவுன்சில் ஒவ்வொருவருக்கும் போன் எடுத்துப் பார்த்திருக்கிறது.

ஜோன் மெதுவாக வாசித்தார். இன்னார் கனடாவில். இன்னார் கனடாவில். இன்னார் என்று ஒருவர் இந்த வீட்டில் இல்லை. இன்னார் ஊருக்குப் போய்விட்டார், திரும்ப வரமாட்டார். இன்னாரும் கனடாவில்.

"தவா, எல்லோரும் ஒரேயடியாக எதற்குக் கனடா போனார்கள்?" என்று என்னைக் கேட்டார். ஜோன் நல்ல மனுசி. உண்மையாகவே கல்யாணம் ஏதும் நடக்கிறது என்று நினைத்துவிட்டார்.

"சிவராசா அண்ணை என்ன சொன்னாராம்?" என்று கேட்டேன்.

ஜோன் போனை என்னிடம் தந்தார். தலைவர், காலமாகிவிட்டார்.

உடனே சிவராசா அண்ணைக்குப் போன் எடுத்தேன். என் நம்பர் என்று தெரிந்தபடியால் எடுத்தார்.

"அண்ணை, கவுன்சிலில இருந்து கேட்டவையோ?"

"ஓம் பிள்ளை. ஒரு பெட்டை எடுத்தவள்."

"என்ன சொன்னீங்கள்?"

டிவிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்தார்.

"செத்துப்போனார் எண்டு சொல்லிப்போட்டன்."

"என்னத்துக்கு?"

"கனடா எண்டால் திரும்பி வருவார் எண்டு பிறகும் எடுப்பாளவையெல்லோ?"

சிரிக்க நினைத்தேன். சிரிப்பு வரவில்லை. தலைவரே செத்துப்போன ஃபோரத்தை எந்தக் கவுன்சில் ஏற்கும்? பதினான்கு நாள் தவணை தந்திருந்தார்கள். அதற்குள் இருபத்தொரு பேரும் தாங்கள் இருக்கிறோம் என்று காட்டவேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

ஹோல் போய்விடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்தது. அரசாங்கத்துக்குப் பொய் சொல்லியிருக்கிறேன். பாஸ்போர்ட்டைப் பறிப்பார்களா? கனடாவுக்குப் போனவள் இங்கே எப்படி வேலை செய்கிறாள் என்று நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடக் குசினியின் மேனேஜரிடம் கேட்பார்களா?

என்னவருக்கு இதெல்லாம் பகிடி. "கனடாவுக்குப் போனனீர், ஒரு சுவெற்றராவது வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம்" என்றார். அவருக்கும் அதே போன் வந்தது என்பதையும், அவர் எடுக்கவே இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஜோன் கவுன்சிலுடன் பேசி ஒரு ஏற்பாடு செய்தார். அடுத்த செவ்வாய் அதிகாரி ஹோலுக்கே வருவார். எல்லோரும் நேரில் வந்தால் போதும். ஆனால் எல்லோரையும் யார் கூப்பிடுவது? ஜோன் என்னைப் பார்த்தார். அதிகாரிக்குச் சரியான பதில் வேண்டும், எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த குரல் வேண்டும் என்றார்.

போன் எடுத்துப் பார்த்தேன். பாதிப்பேர் எடுக்கவில்லை. கவுன்சில் போன் வந்தபிறகு ஒருவரும் ஒரு நம்பரையும் நம்பவில்லை. ஆகவே நடந்து போனேன். முதல் வீட்டில் தட்டினேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தமிழ் நாடகம் டக்கென்று நின்றது. லைட் அணைந்தது.

கடிதம் போடும் ஓட்டையைத் திறந்து, "நான்தான்" என்றேன்.

"நான் எண்டால் ஆர்?"

"தவமணி."

"எந்தத் தவமணி?"

தெருவில் ஒரு வெள்ளைக்காரர் நாயோடு நின்று பார்க்கிறார். நான் குனிந்து கதவோடு பேசிக்கொண்டிருக்கிறேன். என் முழுப்பெயரை இவ்வளவு காலமும் நான் தெருவில் நின்று சொன்னதில்லை.

"தவமணி குணரத்தினம்" என்றேன். "பேக்கரிக்குப் பின்னால இருக்கிற தவமணி. அண்ணை நிக்கிறாரோ?"

"அவர் இல்லை."

"அண்ணை, உங்கட குரல்தான் கேக்குது."

"குரல் நிக்குது. ஆள் இல்லை."

இந்த மனுசனிடம் என்ன சொல்வது? கவுன்சில், ஃபோரம், வாக்கெடுப்பு என்றெல்லாம் சொன்னேன். கதவு திறக்கவில்லை. கடைசியில், "பிலோமினா அக்கா படுக்கிறதுக்கு வேற இடமில்லை அண்ணை" என்றேன்.

சங்கிலி எடுக்கும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் அதைத்தான் முதலில் சொன்னேன். என் முழுப்பெயர், பிறகு அக்காவின் நித்திரை. எட்டாவது கதவில் என் பெயரைச் சொல்லும்போது குரல் அவ்வளவாக நடுங்கவில்லை. பயம் போகவில்லை. பழகிவிட்டது, அவ்வளவுதான்.

செவ்வாய் வந்தது. மழையும் வந்தது. வாளிகளை வைத்தோம். ஒவ்வொருவராக வந்தார்கள் — கல்யாண வீட்டுக்கு வருவதுபோல் உடுத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு. எல்லோரும் கதவுக்குக் கிட்டவே இருந்தார்கள். முன்வரிசை முழுக்கக் காலி. செத்துப்போன சிவராசா அண்ணை கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அதிகாரி ஒரு இளம் பெண். ஹானா என்று தன் பெயரைச் சொன்னார். போனில் கேட்ட அதே மரியாதையான குரல். நான் பிலோமினா அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கனடாவிலிருந்து வந்த குரலை அடையாளம் பிடித்துவிட்டால்?

ஹானா பட்டியலை எடுத்து, எழுந்து நின்று, முதல் பெயரை வாசித்தார்.

சத்தமில்லை.

இரண்டாவது பெயர். அந்த ஆள் என் பக்கத்துக் கதிரையில்தான் இருக்கிறார். தலையைக் குனிந்துகொண்டு சப்பாத்தைப் பார்க்கிறார். மூன்றாவது பெயர். யாரோ இருமினார்கள். வாளிக்குள் தண்ணீர் விழுந்தது.

ஜோன் என்னைப் பார்த்தார். கோபமில்லை, அவருக்கு விளங்கவில்லை. வந்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்கள். வாயைத் திறந்தால் முடிந்தது. ஏன் திறக்கவில்லை?

எனக்கு விளங்கியது. நிறையப் பேரை ஓரிடத்தில் இருத்திவைத்து, கையில் கடதாசியோடு ஒருவர் நின்று பெயர் வாசித்தால்... வாசிக்கப்பட்ட பெயருக்கு எழுந்து போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. இந்த ஹோலில் இருந்த எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஊரில் அப்படி ஒரு மைதானம் தெரியும். ஹானாவுக்குத் தெரியாது. தெரியவேண்டிய வயதும் இல்லை, தெரியவேண்டிய தேவையும் இல்லை.

எழும்பினேன்.

"மிஸ்," என்றேன், எனக்கு வந்த இங்கிலீஷில், "பெயர் வாசிக்க வேண்டாம். பிளீஸ். பட்டியலைக் கவிழ்த்து மேசையில் வையுங்கள். நீங்கள் இருங்கள். நாங்கள் ஒவ்வொருவராக வந்து எங்கள் பெயரை நாங்களே சொல்கிறோம்."

ஹானா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குரலைப் பிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். பிறகு ஒன்றும் கேட்காமல் கடதாசியைக் கவிழ்த்து வைத்தார். கதிரையை இழுத்துக்கொண்டு இருந்தார்.

சொன்னவள் நான், ஆகவே முதல் போகவேண்டியவளும் நான். கடைசியாகப் போட்ட பெயர் முதலாவதாக வந்தது.

"தவமணி குணரத்தினம்" என்றேன். "நான் கனடாவில் இல்லை."

"வீட்டுக்கு நல்வரவு" என்றார் ஹானா.

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்தால் போதும்தானே? கதிரை இழுபடும் சத்தம். வரிசை வந்துவிட்டது. சிவராசா அண்ணை ரையைச் சரிசெய்துகொண்டு போய், "நான்தான் செத்தவர்" என்றார். ஹானா அதைக் குறித்துக்கொள்ளலாமா என்று யோசித்ததுபோல் இருந்தது.

கடைசியில் மரியதாஸ் அண்ணை. பேச்சு வராது. அக்கா அவருக்காகச் சொல்ல வாயெடுத்தார். அண்ணை இடது கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். கவிழ்த்து வைத்த கடதாசியைத் தானே திருப்பினார். தேடினார். கரம் அடிக்கும் விரலால் தன்னுடைய பெயரில் ஒரு சுண்டு சுண்டினார். கடதாசி மேசையைவிட்டுப் பறந்து வாளிக்குக் கிட்ட விழுந்தது. என் உயிர் போய் வந்தது — அது நனைந்திருந்தால்?

நனையவில்லை. எல்லோரும் இருந்தோம். விண்ணப்பத்தை ஏற்பது பற்றி அறிவித்தல் போட்டு, ஆறு கிழமை கருத்துக் கேட்டு, பிறகு முடிவு சொல்வார்களாம். அதுவரை விற்பனையை நிறுத்திவைக்கிறோம் என்று ஹோல் கமிட்டி எழுதித் தந்துவிட்டது. ஆட்கள் கலையும்போது பிலோமினா அக்காவைத் தேடினேன். குசினிக்குள் கதிரைகளில் படுத்திருந்தார். வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒன்று யோசித்தேன். இத்தனை பாடும் எதற்கு? கடைசியில் ஒரு நாள், ஒரு மறைப்புக்குள் போய் ஒரு சீட்டில் ஒரு கோடு போடுவதற்கு. அந்தச் சீட்டில் எங்கள் பெயர் இருக்காது. பெயர் எழுதத் தேவையில்லாத ஒரு கடதாசி இந்த நாட்டில் இருக்கிறது என்றால் அது அதுதான். ஆனால் அந்தப் பெயரில்லாத கடதாசி எல்லோர் கைக்கும் போய்ச் சேரவேண்டுமென்றால், முதலில் இருபத்தொரு பேர் பயந்து பயந்து தங்கள் பெயரைச் சொல்லவேண்டியிருக்கிறது.

இதை என்னவரிடம் சொன்னேன். "சீட்டின்ர பின்பக்கத்தில ஒரு நம்பர் இருக்கும், கவனிச்சனீரோ?" என்றார். இதை இந்த மனுசன் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

இன்னும் திட்டம் எழுதவேண்டும். சோதிப்பவர் வரவேண்டும். இரண்டு வருடம் கூரை தாங்கவேண்டும். வாக்கெடுப்பு நாளில் எங்கள் சனம் கதவைத் திறந்து வெளியே வரவேண்டும். ஒவ்வொன்றையும் நினைத்து ஒவ்வொரு இரவும் விழித்திருக்கிறேன். அக்கா தூங்குகிறார், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நேற்றுக் காலை ஒரு கடிதம் வந்தது. என் முழுப்பெயர், எழுத்துப்பிழை இல்லாமல். வீட்டு நம்பர், ஏழு ஏழாகவே. கதிரையில் இருந்துகொண்டுதான் உடைத்தேன். ஹோல் கமிட்டி அனுப்பியிருக்கிறது. ஹோலைக் காப்பாற்ற ஹோலில் கூட்டம் வைத்ததற்கு வாடகை — கூட்டத்தைக் கூட்டியவர் என்று என் பெயரைப் பதிந்திருக்கிறார்கள்.

நேற்றே மறுபடி கதவுகளைத் தட்டிச் சேர்த்த காசைக் கொடுத்துவிட்டேன். இன்னும் பதினெட்டுப் பவுண் பாக்கி.